தானே குவிக்கும் கேமராவும் என் வலது கண்ணும்

1

இந்த டிசம்பரோடு அந்தக் கேமரா என் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம். ஓசூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றும் சில நண்பர்கள் உண்டு. அவர்கள் அப்போதே கேட்டார்கள், "ஆட்டோஃபோகஸ் ரேஞ்ச்ஃபைண்டருக்கு மாறிட்டியாமே, எப்படி இருக்குன்னு ஒண்ணு எழுதேன்" என்று. எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று சாக்குச் சொல்லியே வருஷத்தை ஓட்டிவிட்டேன். சோம்பேறித்தனம் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் பயம்.

இப்போது மேஜைமேல் கம்பெனியிலிருந்து வந்த படிவம் ஒன்று கிடக்கிறது. திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் மஞ்சுளா. சூளகிரிப் பக்கத்துக்காரி. ஐ.டி.ஐ. முடித்து, ஓசூரில் கடிகார உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைக்குச் சேர்ந்தேன். வலது கண்ணில் லூப் என்கிற பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பல்சக்கரம் பார்க்கிற வேலை. தலைமயிரில் பாதி அளவுக்குப் பிசிறு இருந்தாலும் பிடித்துவிடுவேன். "மஞ்சு டேபிளுக்குப் போனா தப்பிக்காது" என்று மெஷின்காரர்கள் பயப்படுவார்கள். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை.

கல்யாணத்துக்குப் பிறகு ஜெர்மனி. தெற்கே ஒரு சிற்றூர். பதினாறு வருஷம் ஆகிவிட்டது. என் கணவர் செல்வத்துக்கு ஒரு கிடங்கில் வேலை. எனக்கு ஒரு தொழிற்சாலையில் பாகங்களை அளந்து பார்க்கும் அளவு அறையில் வேலை. மகள் கீர்த்தி இங்கேயே பிறந்தவள், இப்போது பதினைந்து வயது. அவளுக்கும் எனக்கும் நடுவில் பேச்சு குறைந்துகொண்டே வந்த வருஷம் இது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள், அதுவும் அறைக்கதவை மூடிக்கொண்டே.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். என் இடது கண் சின்ன வயதிலிருந்தே மந்தம். வெளிச்சம் தெரியும், ஆள் தெரியும், எழுத்தைக் கிட்டே வைத்தால் படிக்கலாம். நுணுக்கம் தெரியாது. அதனால் எனக்குக் கண் என்றாலே வலது கண்தான். வேலை கொடுத்தது, கேமரா பிடிக்க வைத்தது எல்லாம் அதுதான்.

2

முதலில் பழைய கேமரா. இங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கியது. அதுவும் ரேஞ்ச்ஃபைண்டர்தான், அதாவது தூரத்தை அளந்து குவிக்கிற வகை, ஆனால் எல்லாம் கையால். பார்க்கிற கண்ணாடியின் நடுவே ஒரு சின்னச் சதுரம் இருக்கும். அந்தச் சதுரத்துக்குள் எதிரில் நிற்கிறவர் இரண்டாகத் தெரிவார். லென்ஸில் உள்ள வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவமும் நெருங்கி வந்து ஒன்றாகச் சேரும். சேர்ந்த இடத்தில் நிறுத்தி அமுக்கினால் படம் தெளிவாக விழும். வளையத்தில் அவர் எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறார் என்றும் காட்டும். அளவு அறைக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்! பத்து வருஷம் அதோடு குடும்பம் நடத்தினேன்.

போன வருஷம் அக்டோபரில் உருவங்கள் சேர மறுத்தன. சேருகிற மாதிரி வரும், ஓரம் நெளியும், விலகிவிடும். கழுவி வந்த ஃபிலிம் சுருளில் பாதிப் படம் மங்கல். "ரேஞ்ச்ஃபைண்டர் வெலகிப்போச்சு" என்று வீட்டில் அறிவித்தேன். பழைய கேமரா என்றால் அப்படித்தான் என்று செல்வமும் தலையாட்டினார்.

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. காலையில் குளியலறையில் பல் தேய்க்கும்போது, சுவரில் ஓடுகளுக்கு நடுவே ஓடும் கோடுகளைச் சும்மா பார்த்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் ஒரு கோடு நடுவில் லேசாக வளைந்திருந்தது. ஓடு ஒட்டினவன் சரியில்லை என்று திட்டினேன். அடுத்த நாள் வளைவு கொஞ்சம் நகர்ந்து பக்கத்துக் கோட்டில் இருந்தது. நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே வளைந்தது. வாயில் நுரையோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

எனக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. இங்குள்ள குடும்ப மருத்துவர் இரண்டு தடவை சொல்லியிருந்தார், வருஷத்துக்கு ஒரு முறை கண்ணைக் காட்டு என்று. காட்டவில்லை. என் கண்ணைப் பற்றி எனக்கா தெரியாது!

கண் மருத்துவமனைக்குப் போன் போட்டேன். ஜெர்மனில் பதற்றமாகப் பேசினால் எனக்கு வினைச்சொல் காலை வாரும். "என் கண்ணில் கோடு வளைகிறது" என்று நான் சொன்னது அந்தப் பெண்ணுக்கு எப்படிக் கேட்டதோ, கண்ணாடிக் கடைக்குப் போகச் சொன்னாள். இன்னொரு இடத்தில் புது நோயாளிகளைச் சேர்ப்பதில்லை. மூன்றாவது இடத்தில் ஏழு மாதம் கழித்து நாள் இருந்தது, மே மாதம். "அவசரமா?" என்று அவள் கேட்டாள். அவசரம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு மூடத்தனம். "இல்லை, பரவாயில்லை, நான் பிறகு கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிட்டேன்.

வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பல்வலியா, முழங்கால் வலியா, செருப்பு அறுந்ததா, எல்லாவற்றையும் சேர்த்து வைத்து "லீவுல ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்" என்போம். நானும் அதையே சொல்லிக்கொண்டேன். லீவு ஆகஸ்டில். பத்து மாதம் இருந்தது.

வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

3

டிசம்பரில் புதுக் கேமராவை வாங்கினேன். புதிது என்றால் எனக்குப் புதிது. யாரோ நன்றாக வைத்திருந்து விற்றது. ஃபிலிம்தான், ரேஞ்ச்ஃபைண்டர்தான், ஆனால் குவிக்கிற வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

சும்மா சொல்லக் கூடாது, முதல் நாளே மயங்கிவிட்டேன். பொத்தானைப் பாதி அமுக்கினால் உள்ளே ஒரு குட்டி மோட்டார் "ர்ர்ரிக்" என்று ஓடும். பார்க்கிற கண்ணாடிக்குக் கீழே ஓர் எண் ஒளிரும்: 2.5. அதாவது எதிரில் உள்ளவர் இரண்டரை மீட்டரில் நிற்கிறார், நான் பார்த்துக்கொண்டேன், நீ அமுக்கு என்கிறது. இரட்டை உருவம் கிடையாது, சேர்க்க வேண்டிய அவசியம் கிடையாது. எதைக் குவித்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கவும் முடியாது. எண்ணை நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

பழகினவர்கள் இதைத்தான் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. என் கண்ணிடம் எந்தக் கேள்வியும் கேட்காத கேமரா!

முதல் சுருளில் முப்பத்தாறு படம். முப்பத்து நான்கு கத்தி மாதிரித் தெளிவாக விழுந்திருந்தன. தவறிய இரண்டில் செல்வமும் கீர்த்தியும் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். நடுவில் இடைவெளி. கேமரா நடுவைத்தான் பார்க்கும். பின்னால் இருந்த பைன் மரத்தைத் தெளிவாக எடுத்துவிட்டு இரண்டு பேரையும் மங்கலாக்கியிருந்தது. "மரம் நல்லா விழுந்திருக்கு, நாங்க எங்கட்டி?" என்றார் செல்வம். அவர் திருநெல்வேலிக்காரர், கேலி என்றால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம், கீர்த்திகூட.

படம் எடுத்தால் நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். தொழிற்சாலைப் புத்தி. சுருள் எண், படம் எண், இடம், வெளிச்சம், கடைசிக் கட்டத்தில் "ஃபோகஸ்". புதுக் கேமரா வந்த பிறகு அந்தக் கட்டம் முழுக்க ஓகே, ஓகே, ஓகே. எட்டு மாதத்தில் பதினோரு சுருள். ஒவ்வொரு ஓகே எழுதும்போதும் எனக்கே எனக்கு ஒரு சான்றிதழ் எழுதிக்கொடுத்தேன், கண் நன்றாகத்தான் இருக்கிறது, பழைய கேமராதான் கோளாறு என்று. ஓடுகளைப் பார்ப்பதை நிறுத்தினேன். பல் தேய்க்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

வேலையிலும் தப்பித்தேன். இப்போது அளவு அறையிலும் பாதிக்கு மேல் திரையில் எண்ணாக வந்துவிடுகிறது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனி மருத்துவர் எங்களுடைய கண்ணைச் சோதிப்பார். தேறவில்லை என்றால் அளவு அறையிலிருந்து எடுத்துப் பெட்டி கட்டுகிற பக்கம் போட்டுவிடுவார்கள். என் முறை இந்த டிசம்பரில் வருகிறது என்பது எனக்கு மனப்பாடம்.

4

ஆகஸ்டில் நானும் கீர்த்தியும் ஓசூர் போனோம். செல்வத்துக்கு லீவு கிடைக்கவில்லை. என் அண்ணன் முனிராஜ் வீட்டில் மூன்று வாரம். அண்ணன் ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் கேஜ் அறையைப் பார்த்துக்கொள்கிறார். அதாவது, மற்றவர்கள் அளக்கிற கருவிகள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று அளக்கிற வேலை. எங்கள் வீட்டில் இரண்டு பேருமே அளவுப் பைத்தியம்.

பெட்டியில் ரிப்பேர் சாமான் ஒரு பை நிறைய இருந்தது. செருப்பு இரண்டு ஜோடி, செல்வத்தின் பல்செட்டு, பெங்களூரில் கொடுத்துச் சரிசெய்ய அந்தப் பழைய கேமரா. பட்டியலில் கடைசியாக, எழுதாமல் மனதில் வைத்திருந்தது கண்.

முதல் நாளே போயிருக்கலாம். அண்ணன் வீட்டிலிருந்து கண் ஆஸ்பத்திரி ஆட்டோவில் பத்து நிமிஷம். போகவில்லை. "நாளைக்கு" என்றேன். நாளைக்குச் சூளகிரியில் சித்தப்பா வீடு. அதற்கடுத்த நாள் புடவைக் கடை. வாசல்வரை ஒருநாள் போனேன், உண்மையாகவே. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். ஒருவர் கண்ணில் பஞ்சை வைத்துப் பிளாஸ்திரி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டோக்காரரிடம் "திருப்புங்கண்ணா" என்று சொல்லி வீட்டுக்கு வந்து, கடை பூட்டியிருந்தது என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். இப்படிப்பட்ட கோழை நான் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்பதாவது நாள் அண்ணன் மகள் பவித்ராவுக்குப் பூ வைக்கிற விசேஷம். மாப்பிள்ளை வீட்டார் ஊத்தங்கரையிலிருந்து வேனில் வருகிறார்கள். நிச்சயத்துக்கு முன்னால் வீட்டோடு செய்வது என்பதால் போட்டோகிராஃபர் கிடையாது, செல்போன்தான். ஆனால் பவித்ரா என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள்: "அத்தை, மாமியார் என் தலையில பூ வைக்கறப்ப ஒரே ஒரு ஃபிலிம் போட்டோ நீ எடுக்கணும். அத பெருசாக்கி மாட்டப் போறேன்."

முந்தின நாள் சாயங்காலம் புதுக் கேமராவை எடுத்துப் பொத்தானை அமுக்கினேன். மோட்டார் ஓடவில்லை. எண் ஒளிரவில்லை. பேட்டரி செத்துவிட்டது. மாற்றுப் பேட்டரியை ஜெர்மனியில் மேஜைமேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன், புத்திசாலி! குட்டையாகக் குண்டாக இருக்கும் அந்தப் பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு பாகலூர் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கார் ரிமோட்டுதாம்மா?" என்றார். ஆன்லைனில் போட்டால் நாளை மறுநாள். பெங்களூர் போய்வர நேரமில்லை.

பெட்டிக்குள் பழைய கேமரா இருந்தது. அதற்குப் பேட்டரியே வேண்டாம்.

5

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். வேன் ராயக்கோட்டை ரோட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு பத்து மணிக்குத்தான் வந்தது. காபி, தாம்பூலம், பேச்சு எல்லாம் ஓட்டம். மாப்பிள்ளையின் அம்மா மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு பவித்ராவுக்குப் பின்னால் வந்தபோது பத்து இருபத்து மூன்று. ஹாலில் நாற்பது பேர். எல்லோரும் எனக்கு வழி விட்டார்கள்.

வலது கண்ணில் கேமராவை வைத்தேன். சதுரத்துக்குள் இரண்டு பவித்ரா. வளையத்தைத் திருப்பினேன். நெருங்கி வந்தார்கள், நெளிந்தார்கள், போய்விட்டார்கள். அந்தம்மா கையில் பூவோடு அப்படியே நின்றார். மறுபடி திருப்பினேன். சதுரத்தின் நடுவில் மங்கலாக ஒரு பொட்டு மட்டும் இருந்தது. எதைப் பார்த்தாலும் அந்த இடம் கரைந்து போயிற்று. இதற்கு முன்னால் இவ்வளவு மோசமாக இருந்ததில்லை.

"எடுத்தாச்சாம்மா?" என்றார் அந்தம்மா. தூக்கின கை வலித்திருக்கும்.

"ஒரு நிமிஷங்க."

"டைமாவுது, டைமாவுது" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அண்ணி அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "ஏமாயிந்தி?" என்று தெலுங்கில், என்ன ஆயிற்று எனக் கேட்டார். அண்ணிக்கு அவசரம் என்றால் பிறந்த வீட்டுப் பேச்சுதான் வரும்.

"கேமரா கோளாறு" என்றேன் சத்தமாக. "சேர மாட்டேங்குது. ரேஞ்ச்ஃபைண்டர் வெலகிக் கெடக்குது."

பக்கத்தில் கீர்த்தி நின்றிருந்தாள். "குடும்மா" என்றாள். நான் தரவில்லை. அவளே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கண்ணில் வைத்தாள், வளையத்தை ஒரு திருப்பு திருப்பினாள், டிக். மூன்று விநாடி இருக்கும். பூ தலைக்குப் போய்விட்டது. நாற்பது பேரும் கைதட்டினார்கள்.

"மங்கலாத்தான் விழும்" என்றேன் நான். எவ்வளவு மட்டமான பேச்சு! பெற்ற பிள்ளை ஒரு காரியத்தைச் சரியாகச் செய்கிறது, நான் அதைப் பார்த்து எரிகிறேன்.

"இல்லம்மா. சேந்துச்சு" என்றாள் கீர்த்தி. தமிழில் சொன்னாள்.

எதிர்ப்பக்கம் நின்றிருந்த அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

6

சாப்பாடு முடிந்து வேன் கிளம்பியபின், அண்ணன் அளவு டேப்பையும் ஒட்டுகிற கறுப்பு டேப்பையும் எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு கருவியைக் கோளாறு என்று சொல்லிவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

"மஞ்சு, அத கோளாறுன்னு சொன்னியே, ஆள மாத்திப் பாத்தியா?"

எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. ஒரு கருவி தப்பாகக் காட்டுகிறது என்றால், அதே கருவி, அதே பொருள், ஆளை மட்டும் மாற்றி அளக்க வேண்டும். மூன்று பேர், ஆளுக்கு மூன்று தடவை. எல்லோருக்கும் தப்பாக வந்தால் கருவியில் குறை. ஒருவருக்கு மட்டும் தப்பாக வந்தால் அந்த ஆளிடம் குறை. புதிதாக வருகிற பெண்களுக்கு நானே நூறு தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பத்து மாதமாக இந்தக் கேமராவை மட்டும் ஆளை மாற்றிப் பார்க்கவில்லை.

அண்ணன் சுவரில் கறுப்பு டேப்பை நேர்கோடாக ஒட்டினார். இரண்டு மீட்டர் அளந்து, ஸ்டூலின் காலை அங்கே வைத்தார். வளையத்தில் உள்ள எண்கள்மேல் ஒரு காகிதத்தைச் சுற்றினார். அளக்கிறவருக்கு எண் தெரியக் கூடாது. அதுவும் விதி.

"மாமா, எதுக்கு இது?" என்றாள் கீர்த்தி.

"சும்மா செக் பண்றோம்மா. வா, ஒக்காரு."

அண்ணன் முதலில். திருப்பினார், காகிதத்தை விலக்கிப் பார்த்தார், தாம்பூலப் பையின் பின்பக்கத்தில் எழுதினார். மூன்று தடவையும் 2. அடுத்து கீர்த்தி. மூன்று தடவையும் 2.

"அண்ணா, வேணாம்" என்றேன்.

"ஒக்காரு மஞ்சு."

உட்கார்ந்தேன். கறுப்புக் கோடு நடுவில் வளைந்து, ஒரு இடத்தில் அறுந்து தெரிந்தது. எது சேர்ந்தது, எது சேரவில்லை என்றே தெரியாமல் ஏதோ ஓர் இடத்தில் நிறுத்தி நீட்டினேன். அண்ணன் பார்த்து எழுதினார். மறுபடி. மறுபடி. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருஷம் கேஜ் அறையில் இருந்தவர் முகம். பையை என் பக்கம் திருப்பி வைத்தார். என் வரிசையில் 3, 2.5, 3-ஐத் தாண்டி.

"கேஜ் ஓகே" என்றார்.

மீதியை அவர் சொல்லவில்லை. நான் அழுதுவிட்டேன். நன்றாக, சத்தமாக, மூக்கு ஒழுக. அண்ணி ஓடிவந்தார். கீர்த்தி பயந்துபோய் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பெரிய பெண்ணான பிறகு அவள் என்னைத் தொட்டதே அபூர்வம்.

"எத்தன நாளா?" என்றார் அண்ணன்.

"பத்து மாசம்."

"அடிப்பாவி" என்றார். சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடினார்.

7

டாக்டர் சின்னப் பெண். என்னிடம் தமிழ், நர்ஸிடம் கன்னடம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, ஸ்கேன் எடுத்துவிட்டு, கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளை நீட்டினார். "ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க. எங்கயாச்சும் கோடு வளையுதா?"

"இத எங்க வீட்டு பாத்ரூம்லயே பாத்துட்டேன் டாக்டர்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

சர்க்கரையால் விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கிறது. கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், மாதம் ஒன்றாக முதலில் மூன்று. பிறகு பார்த்துச் சொல்வார்கள். "அப்பவே வந்திருந்தா நல்லா பிடிச்சிருக்கலாம். இப்ப எவ்வளவு திரும்பும்னு நான் சொல்ல முடியாது. இதுக்கு மேல போகாம பாக்கலாம்."

"எட்டு மாசமா படமெல்லாம் தெளிவாத்தான் விழுந்துச்சு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"கேமராக்குக் கண்ணு நல்லா இருக்குதுங்க" என்றார் டாக்டர். கிண்டலாகச் சொல்லவில்லை. பாவம், உண்மையைச் சொன்னார்.

முதல் ஊசி அந்த வாரமே. ஒப்புதல் படிவத்தில் அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஊசி வலிக்கவில்லை. வருவது தெரிகிறதே, அதுதான் கொடுமை. கீர்த்தி வெளியே உட்கார்ந்து அவள் அப்பாவுக்குப் போனில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். செல்வம் என்னிடம் பேசியபோது கத்துவார் என்று நினைத்தேன். "எங்கிட்டக்கூடச் சொல்லணும்னு தோணலையாட்டி?" என்று மட்டும் கேட்டார்.

பவித்ராவின் படம் பெங்களூரில் கழுவி வந்தது. மல்லிகையில் ஒவ்வொரு மொக்கையும் எண்ணலாம் போல் இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

8

திரும்பி வந்து, டாக்டர் கொடுத்த கடிதத்தைக் காட்டினேன். போன வருஷம் ஏழு மாதம் கழித்து வரச் சொன்ன அதே இடத்தில் நான்காவது நாளே கூப்பிட்டார்கள். "அவசரம் என்று சொல்லியிருந்தால் அப்போதே பார்த்திருப்போமே" என்றாள் மேஜையில் இருந்த பெண். இரண்டாவது ஊசி, மூன்றாவது ஊசி முடிந்தன. இப்போது குளியலறைக் கோடு அறுந்து தெரிவதில்லை. வளைவு இருக்கிறது.

நேற்றுக் கம்பெனிப் படிவம் வந்தது. சோதனைக்கு முன்னால் நிரப்ப வேண்டியது. மூன்றாவது கேள்வி: தெரிந்த கண்நோய் ஏதும் உண்டா? ஆம், இல்லை, இரண்டு கட்டங்கள். ஆம் என்று போட்டால் விரிவாகச் சோதிப்பார்கள், அளவு அறை போனாலும் போகலாம். இல்லை என்று போட்டால் சாதாரண எழுத்துப் பலகையைப் படிக்கிற சோதனைதான். எழுத்துப் பலகையை எப்படியாவது ஓட்டிவிடலாம். பேனாவை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.

இன்று மத்தியானம் கீர்த்தியைக் கூப்பிட்டேன். "மாமா பண்ணின மாதிரி ஒரு தடவ பாத்துடலாம். ரெண்டு வந்துச்சுன்னா கண்ணு சரியாயிடுச்சுன்னு அர்த்தம். அப்ப 'இல்ல'ன்னு எழுதலாம்."

அவள் டேப்பைக் கொண்டுவந்தாள். சுவரில் கறுப்புக் கோடு ஒட்டினாள், இரண்டு மீட்டர் அளந்தாள், பழைய கேமராவின் எண்கள்மேல் காகிதம் சுற்றினாள். மாமன் செய்ததில் ஒன்றுகூட விடவில்லை.

திருப்பினேன். இரண்டு கோடும் நெருங்கின. சேர்ந்த மாதிரிதான் இருந்தது. நீட்டினேன்.

"ரெண்டு" என்றாள். என் நோட்டில் எழுதினாள்.

மறுபடி.

"ரெண்டு."

மூன்றாவது தடவை நீட்டினேன்.

"ரெண்டு."

காகிதத்தை விலக்காமலேயே சொன்னாள்.

கேமராவை வாங்கினேன். காகிதத்தைப் பிரித்து, கண்ணாடி போட்டு, மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். கோடு 2-ஐத் தாண்டி, 3-க்குப் போகிற வழியில் கால்வாசி தூரத்தில் இருந்தது.

"இது ரெண்டா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"பொய் ரிப்போர்ட் எழுதறியா நீ? யார் சொல்லிக் குடுத்தது உனக்கு?" என் குரல் எனக்கே பயமாக இருந்தது. ஓசூர் தொழிற்சாலையில் பிசிறு விட்டவனைத் திட்டுகிற குரல்.

கீர்த்தி நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் நீர். என் நோட்டைப் புரட்டி, போன டிசம்பர்ப் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தாள். ஓகே, ஓகே, ஓகே என்று மேலிருந்து கீழ்வரை என் கையெழுத்து.

"நீதாம்மா" என்றாள். "எட்டு மாசம்."

நோட்டை இன்றைய பக்கத்துக்குத் திருப்பி அவள் முன்னால் வைத்தேன்.

அவளே பேனாவை எடுத்து மூன்று 2-ஐயும் அடித்தாள். மூன்றாவதற்கு நேராக 2.25 என்று எழுதினாள். "மத்த ரெண்டும் நான் சரியா பாக்கல. திரும்பி எடுக்கணும்" என்றாள். திரும்பி எடுத்தோம். 2.25, 2.3. எழுதினாள். பிறகு கம்பெனிப் படிவத்தை நோட்டுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, மூன்றாவது கேள்வியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

"கையெழுத்து" என்றாள்.

போட்டேன்.